துரை பின்னால் போன கிணறு

"உங்கூர்க் கிணத்த வர்ற வழியில பாத்தனுங்க, கள்ளிமேட்டுக்குப் பக்கத்துல கெடக்குது" என்று வண்டிக்காரன் ஒருவன், காணாமல் போன எருமைக் கன்றைப் பற்றிச் சொல்கிற குரலில் யாரிடமோ சொல்லிவிட்டுப் போனது நாச்சாயியின் காதில் விழுந்தது. அப்போது அவள் காலிக்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றைச் சுற்றியிருந்த குட்டைச்சுவருக்கு இந்தப் பக்கம், மேல்தெருவிலிருந்து யாராவது வந்து தண்ணீர் ஊற்றுவார்கள் என்று காத்து நின்றாள். கீழ்வளவுக்காரர்கள் நிற்க வேண்டிய இடம் சுவருக்கு இந்தப் பக்கம்தான், சுவரை எட்டிப் பார்க்கிற வழக்கம் அவர்களில் யாருக்கும் கிடையாது. அன்றைக்கு அவள் எட்டிப் பார்த்தாள்.

கிணறு இல்லை. கல்மேடை இல்லை, கப்பி இல்லை, வாளியும் தாம்புக்கயிறும் இல்லை. யாரும் எப்போதும் தோண்டாததுபோல் தரை மட்டமாகக் கிடந்தது, அதில் நெருஞ்சி பூத்திருந்தது. மணியக்காரர் ரங்கப்பனின் மனைவி வெள்ளாத்தாள் மட்டும் அந்த மட்டமான தரையின் ஓரத்தில் குடத்தோடு நின்றிருந்தாள்.

"போயிருச்சு புள்ள" என்றாள்.

"எங்கீங்காத்தா?"

"துரை பின்னாடிதான். வேறெங்க போவும்?"

நாச்சாயிக்கு அது நியாயமாகவே பட்டது. ஊசிக்கல்பாளையத்தில் யாருக்குமே அது நியாயமாகத்தான் பட்டது. ஏனென்றால் என்ன நடந்தது என்பது அத்தனை பேருக்கும் தெரியும், நடந்தபோது அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. மலையில் அணை கட்டி, அணையில் கரண்டு எடுத்து, அதைக் கம்பி வழியாகக் காட்டையும் மேட்டையும் தாண்டித் தூரத்து டவுனுக்குக் கொண்டுபோக இரும்புக் கோபுரங்களை நட்டுக்கொண்டே வந்தார்கள். நட வந்தவர்களுக்குத் தலைவராக, வருஷத்தில் பாதி பனியில் கிடக்கும் சுவீடன் என்ற தேசத்திலிருந்து கப்பலேறி லிண்டுத் துரை வந்திருந்தார். பனைமரம் போல உயரம், வெயிலில் தோலுரிந்து தோலுரிந்து செங்கல் நிறமான மூக்கு. கூலியாட்களிடமிருந்து அவர் கற்றுக்கொண்ட தமிழ் மொத்தமும் தூக்கு, இழு, நிறுத்து, மெல்ல என்ற நான்கு சொற்கள்தான். அந்த நான்கை வைத்துக்கொண்டே அவர் சாப்பாடு கேட்டார், சண்டையை விலக்கினார், காய்ச்சலில் படுத்த கூலியாளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து "மெல்ல, மெல்ல" என்று ஆறுதலும் சொன்னார். மற்றதையெல்லாம் தெற்கே நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்த ஓவர்சியர் தேவசகாயம் பேசினார்.

கோபுரத்துக்கு அஸ்திவாரக் குழி எடுத்துக்கொண்டே ஊசிக்கல்பாளையத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது, ஊரார் மூன்று தலைமுறையாகத் தோண்டிக் கைவிட்ட கிணறு ஒன்று பாறையில் முட்டி நின்றிருந்தது. துரை அதைக் குனிந்து பார்த்தார், ஒரு கல்லைப் போட்டுச் சத்தம் கேட்டார், சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு இறங்கினார். கோபுரக் குழிக்கு வைத்திருந்த வெடியில் கொஞ்சத்தைப் பாறையில் துளையிட்டு வைத்தார். வெடித்த புகை அடங்குவதற்குள் தண்ணீர் பேசுகிற சத்தம் கேட்டது. ஊர் அழுதது. மணியக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, முதல் தண்ணீரைப் புதுச் சொம்பில் எடுத்துத் துரையிடம் நீட்டினார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. புதுக்கிணற்றின் முதல் தண்ணீரைக் குடிக்கிறவர் கடைசி வாய்த் தண்ணீரைக் குடிக்கக்கூடாது, அதைக் கிணற்றுக்கே திரும்ப விட வேண்டும். அப்போதுதான் தான் இருக்க வேண்டிய இடம் எது என்று கிணற்றுக்குத் தெரியும். துரைக்கு அது தெரியாது. கொடுத்ததில் மிச்சம் வைத்தால் கொடுத்தவர் மனம் புண்படும் என்று அவர் தேசத்தில் கற்றுக்கொடுத்திருந்தார்களோ என்னவோ, சொம்பை அண்ணாந்து கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு சொம்பைக் கவிழ்த்து, பாருங்கள், ஒரு சொட்டு மிச்சமில்லை என்று சிரித்துக் காட்டினார்.

கூட்டம் மூச்சுவிடவில்லை. "என்னவே, ஏதும் தப்பாப் போச்சா?" என்று தேவசகாயம் கேட்டார். "ஒண்ணுமில்லீங்க" என்றார் மணியக்காரர். கிணறு கொடுத்த மனுஷனிடம் வாய்த் தண்ணீருக்குக் கணக்குப் பார்ப்பது எப்படி? பூசாரி கோயிலைப் பார்த்துக்கொண்டார். வெள்ளாத்தாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். மணல் சுமக்கும் சித்தாளாக அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த நாச்சாயி, சொல்ல வேண்டியவர்கள் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் துரை குடித்த தண்ணீர் அத்தனையும் முதுகில் வேர்வையாக ஊற்ற, கோபுரத்தின் மேலேறி ஆணி முடுக்கினார். இறங்கும்போது இரும்பு கொத்திக் காக்கிச் சட்டை தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்தது. கழற்றி மணல்குவியலில் போட்டார். நாச்சாயி அதைப் பார்ப்பதைப் பார்த்து, எடுத்துக்கொள் என்று தலையாட்டினார். அவள் அதைச் சுருட்டிச் சும்மாடாக்கித் தலையில் வைத்து, அதன்மேல் மணல் சட்டியை வைத்துக்கொண்டாள். சும்மாட்டுத் துணியை யாரும் துவைப்பதில்லை, வேர்வை காய்ந்து விறைத்திருந்தால்தான் சட்டி நழுவாமல் நிற்கும்.

கிணற்றுக்கு மேடையும் கப்பியும் குட்டைச்சுவரும் வந்து, கோபுர வேலையும் முடிந்து, முகாம் கள்ளிமேட்டுக்கு நகர்ந்த மறுநாள் காலையில்தான் கிணறு போயிருந்தது.

முதல்நாள் ஊரே போய்ப் பார்த்தது. கள்ளிமேட்டுக் கோபுரத்தின் நான்கு கால்களுக்கும் துரையின் கூடாரத்துக்கும் நடுவில், கல்மேடையும் கப்பியும் வாளியும் கயிறுமாகக் கிணறு அப்படியே உட்கார்ந்திருந்தது. துரை அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு, முழங்கையை மேடையில் ஊன்றி, மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கி ஆழம் பார்த்திருந்தார். ஆழம் மாறவில்லை. அதற்குமேல் கேட்பதற்கு அவரிடம் கேள்வியும் இல்லை. கர்ணம் வந்து, இது எந்தப் புல எண்ணில் இருப்பதாக எழுதுவது என்று வெகுநேரம் யோசித்து, பென்சிலைக் காதில் செருகி, ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

பிறகு எல்லாருக்கும் தண்ணீர் எடுக்க வேண்டியிருந்தது. மேல்தெருப் பெண்களும் கீழ்வளவுப் பெண்களும் குடங்களோடு வந்து நின்றார்கள். சுவர் இல்லை. சுவர் ஊரிலேயே நின்றுவிட்டது. யார் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் எல்லாரும் ஒரே பக்கம் நின்றார்கள். வெயில் ஏறியது. வெள்ளாத்தாள்தான் பெருமூச்சு விட்டாள்.

"அந்த ஊர்ல நான்தான் உங்களுக்கெல்லாம் சேந்திச் சேந்தி ஊத்தினேன். இத்தன தூரம் நடந்தும் வந்து ஊத்தோணும்னா என்ற தோள்பட்ட என்னாவறது? ஏ நாச்சா, நீயே எடுத்துக்க புள்ள."

நாச்சாயி கயிற்றைத் தொட்டாள். அவள் பிறந்ததிலிருந்து கிணற்றுக் கயிறு எதையும் தொட்டதில்லை. வாளி இறங்குகிறபோது கப்பி கிறீச்சிட்டது, வாளி தண்ணீரில் மோதிய சத்தம் கயிறு வழியாக ஏறி அவள் உள்ளங்கைக்கு வந்தது. கனமான வாளியை இழுத்து மேலே கொண்டுவந்தாள், தன் முகத்தைத் தண்ணீரில் பார்த்தாள், குடத்தில் ஊற்றினாள். இன்னொரு வாளி வேண்டியிருக்கவில்லை, இருந்தும் இன்னொரு வாளி எடுத்தாள்.

அதற்கப்புறம் அது பழகிப்போனது. துரை கோபுரம் கோபுரமாக நகர்ந்தார், துரை பின்னால் கிணறு நகர்ந்தது, கிணற்றின் பின்னால் குடங்கள் நகர்ந்தன. நடக்க முடியாத தூரமானபோது வீட்டுக்கு ஒருவர் குடிசை போட்டுக் கிணற்றோடு போனார்கள், மற்றவர்கள் வண்டியில் பானைகளை ஏற்றி அனுப்பினார்கள். ஆட்டுக்காரர்கள் போனார்கள். பிள்ளைகள் போய்விட்டதால் வாத்தியாரும் கரும்பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். வழியிலிருந்த ஊர்க்காரர்கள், கிணறு வருகிறது என்று கேள்விப்பட்டு மாப்பிள்ளை அழைப்பைப் போல மேளத்தோடு வந்து எதிர்கொண்டார்கள், கல்மேடைக்கு மஞ்சள் பூசினார்கள், போகிற அன்று கண்கலங்கினார்கள். ஒரு ஊரில் அதைப் போகவிடாமல் பிடித்துவைக்க நினைத்து வைக்கோற்போரால் மூடினார்கள். காலையில் வைக்கோற்போரும் கிணற்றோடு போயிருந்தது. தலைக்குமேல் கம்பி இழுக்க இழுக்கக் கோபுரங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு போயின. ஊசிக்கல்பாளையத்துக்கு ஒரு விளக்குக்காவது அதிலிருந்து கரண்டு தரலாமே என்று மணியக்காரர் கேட்டதற்கு, "இது பெரிய கரண்டுவே, டவுன்ல போய்த்தான் இறங்கும்" என்றார் தேவசகாயம்.

துரைக்குத்தான் கஷ்டம். ஒருமுறை அவசரமாக டவுனுக்கு ஜீப்பில் போனார். மறுநாள் காலை அவர் தங்கிய விடுதியின் வாசலில் கிணறு நின்றது. மேடையெல்லாம் புழுதி, உள்ளே தண்ணீர் மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. துரை வெகுநேரம் அதன் கல்லைத் தடவிக்கொடுத்தாராம். அதிலிருந்து ஜீப்பில் ஏறினால் டிரைவரின் தோளைத் தொட்டு "மெல்ல" என்பார், வண்டி மாட்டு நடையில் போகும். கோடைக்கு மலைக்குப் போவதையும் விட்டுவிட்டார். கிணறு மலையேறுமா என்று அவருக்குச் சந்தேகம்.

குடிசைகளில் இருந்த பெண்கள் ஒன்றாகத் தண்ணீர் எடுத்தார்கள், ஒன்றாகப் பேசிக்கொண்டு நடந்தார்கள். வெள்ளாத்தாளின் மருமகள் பிரசவத்துக்கு நாச்சாயிதான் வெந்நீர் வைத்தாள். ஆனாலும் எல்லை ஒன்று இருந்தது. ஒருநாள் உச்சிவெயிலில் இருவரும் நடந்து வரும்போது வெள்ளாத்தாளின் குடம் நழுவி உடைந்தது. "என்ற குடத்துல குடியுங்காத்தா" என்று நாச்சாயி சாய்த்துப் பிடித்தாள். உதடு வெடித்திருந்த வெள்ளாத்தாள் அந்தத் தண்ணீரையே பார்த்தாள்.

"வேண்டாங் கண்ணு. தாகமில்ல" என்றாள்.

கடைசிக் கோபுரமும் நின்று, டவுனில் விளக்கு எரிந்தது. துரையின் ஒப்பந்தம் முடிந்தது. கப்பலுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று தேவசகாயம் சொன்னபோது, கிணற்றைச் சுற்றி உட்கார்ந்திருந்த கூட்டம் எழுந்து அதற்குள் எட்டிப் பார்த்தது. அப்புறம் ஆட்டுக்காரர் ஒருவர், எல்லாரும் நினைத்ததைச் சொன்னார்.

"கப்பலுக்குப் பின்னாடியே இதும் போவுமுங்க. போயி கடல்ல உழுந்துரும்."

"உழுந்தா?"

"கடல்ல எந்தத் தண்ணி கிணத்துத் தண்ணின்னு யாருங்க பிரிக்கறது?"

வேறு வழியில்லாமல் மணியக்காரர் அந்த வாய்த் தண்ணீர் விஷயத்தைச் சொன்னார். தேவசகாயம் வாயைப் பிளந்தார். "அடப் பாவியளா, இத அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு நிமிஷ வேலையில்லாவே!" துரைக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது அவர் முகம் காதுவரை சிவந்தது. உடனே எழுந்துபோய் ஒரு சொம்பு நிறைய எடுத்து, குடித்து, கடைசி வாயை மரியாதையாகக் கிணற்றில் விட்டார். பிறகு எல்லாரும் பார்த்திருக்க லாரிவரை நடந்தார். எல்லாரும் சற்றுக் கண்ணயர்ந்து விழித்தபோது கிணறு லாரியின் சக்கரத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தது.

"அன்னிக்குக் குடிச்ச அதே தண்ணியத் திருப்போணும்" என்றார் பூசாரி. "இது வேற தண்ணி."

"அது வேர்வையா ஊத்தி எப்பவோ காத்துல போயிருச்சே சாமி. எங்க போய்ப் புடிக்கறது?" என்று யாரோ சொல்ல, சோகத்திலும் சிலர் சிரித்தார்கள்.

நாச்சாயி சிரிக்கவில்லை. மடியில் கிடந்த சும்மாட்டைப் பிரித்தாள். கிழிந்த காக்கித் துணியில், முதுகு இருந்த இடத்தில், உப்பு வெள்ளையாகப் பூத்து ஒரு தேசத்தின் வரைபடம் போலப் பரவியிருந்தது. அதன்மேல் அவள் தலையின் உப்பும் வட்டமாகப் படிந்திருந்தது. அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் மணியக்காரர் பேச ஆரம்பித்திருந்தார்.

"திருப்ப முடியாட்டிப் போவுது. துரை ஒருக்கா நம்மூருக்கு நடந்து வரட்டும், கிணறும் பின்னாடி வரும். பழைய எடத்துல வந்து உக்காந்ததும் புடிச்சுக் கட்டிப்போடலாம். சங்கிலி வாங்கியாச்சு. சுத்தி ஆள் உயரத்துக்குச் சுவரெழுப்பி இரும்புக் கேட்டும் செஞ்சாச்சு. பூட்டிச் சாவிய நான் வெச்சுக்கறேன். மேல்தெருவுக்குக் காலைலயும் சாயங்காலமும் திறக்கறது. கீழ்வளவுக்கு முன்ன மாதிரி வெளிய வெச்சு ஊத்திரலாம்."

முன்ன மாதிரி என்று அவர் கோபமாகச் சொல்லவில்லை, எல்லாருக்கும் நல்லது செய்கிறவரின் குரலில்தான் சொன்னார். நாச்சாயி திறந்த வாயை மூடினாள். துணியைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டாள். வெள்ளாத்தாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துரை ஒத்துக்கொண்டார். கோபுரங்களுக்கு அடியிலேயே, வந்த வழியே, மேற்கு பார்த்து நடந்தார். அவர் தங்கித் தங்கி நடக்க, கிணறு இரவில் வந்து வந்து சேர்ந்துகொள்ள, குடிசைகளைப் பிரித்துச் சுருட்டிக்கொண்டு ஆடுகளும் பிள்ளைகளும் கரும்பலகையும் குடங்களும் பின்னால் நடந்தன. முன்பு மேளத்தோடு வரவேற்ற ஊர்கள் இப்போது வழியனுப்பிவைக்க வந்து, ஆளுக்கொரு குடம் நிரப்பிக்கொண்டன. கோபுரம் ஒவ்வொன்றையும் கடக்கும்போது துரை அதன் காலைத் தொட்டுவிட்டு நடந்தார்.

கள்ளிமேட்டில் கடைசி இரவு. காலையில் கிணறு, முதல்முறை வந்து உட்கார்ந்த அதே இடத்தில், கோபுரத்தின் நான்கு கால்களுக்கு நடுவே இருந்தது. கீழே நடந்துபோகிற தூரத்தில் ஊசிக்கல்பாளையம் தெரிந்தது. புதுச் சுவரும் அதில் வெயிலில் மின்னும் கேட்டும் தெரிந்தன. துரை தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பினார். ஊர் எழுந்தது.

நாச்சாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிப்போய் அவர் முன்னால் நின்றாள். அவரிடம் அவள் ஒருநாளும் பேசியதில்லை. அவருக்குப் புரிகிற சொற்களில் ஒன்றைத் தேடி எடுத்தாள்.

"நிறுத்து" என்றாள்.

துரை நின்றார்.

அவள் சும்மாட்டை உதறிப் பிரித்து இரண்டு கைகளிலும் விரித்துக் காட்டினாள். தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்த கிழிசலைத் துரை பார்த்தார். உப்பைப் பார்த்தார். பிறகு கிணற்றைப் பார்த்தார், கீழே கேட்டைப் பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்தார். இத்தனை காலமும் கிணற்றடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மனுஷர் அவர், யார் எப்படித் தண்ணீர் எடுத்தார்கள் என்று பார்க்காமலா இருந்திருப்பார்? ஒரு அடி பின்னால் எடுத்துவைத்து அவளுக்கு வழிவிட்டார்.

"ஏ, என்ன பண்றா அவ?" என்று மணியக்காரர் கேட்பதற்குள் நாச்சாயி மேடையேறிச் சட்டையைக் கிணற்றுக்குள் விட்டாள். அது விரிந்தபடி இறங்கி, தண்ணீரில் படுத்து, உப்பு கரைய நனைந்து கறுத்து உள்ளே போனது. தண்ணீர் ஒருமுறை சுழன்று நின்றது. தரைக்கடியில் எங்கோ, நெடுந்தூரம் நடந்தவர் உட்காரும்போது விடுவதுபோல் ஒரு பெருமூச்சு கேட்டது.

துரை ஊரைப் பார்த்து நடந்தார். திரும்பிப் பார்த்தார். ஜீப்பில் ஏறி ஊரைச் சுற்றிவரச் சொன்னார். ஊரிலேயே ஒரு இரவு படுத்தும் பார்த்தார். விடிந்தபோது கிணறு கள்ளிமேட்டிலேயே இருந்தது.

அவர் கடைசியாக ஒருமுறை மேலேறி வந்து, கல்மேடையில் கையை வைத்து நின்றார். "மெல்ல" என்றார் கிணற்றிடம். பிறகு ஜீப்பில் ஏறினார். டிரைவரின் தோளைத் தொடவில்லை. ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வேகமாகப் போனது.

"கேட்டைப் பேத்து இங்க கொண்டாங்க" என்றார் மணியக்காரர்.

"கோபுரத்துக்கு அடியில இரும்பும் சுவரும் வைக்கப்படாதுவே" என்றார் தேவசகாயம், பெட்டியைக் கட்டிக்கொண்டே. "தலைக்குமேல பெரிய கரண்டு போவுது. இந்த இடம் ஒருத்தருக்கும் சொந்தமும் இல்ல."

மணியக்காரர் மடியிலிருந்த சாவியைத் தொட்டுக்கொண்டு நின்றார். மேலே கம்பி முனகிக்கொண்டிருந்தது. கிணறு புது இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, முதல் தண்ணீரை யாராவது குடிக்க வேண்டும் என்று பூசாரி பொதுவாகச் சொன்னார், யாரையும் பார்க்காமல் சொன்னார். நாச்சாயி வாளியை இறக்கி நிறைத்து இழுத்தாள். சொம்பில் எடுத்துக்கொண்டு திரும்பினாள். மேல்தெருக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். கீழ்வளவுக்காரர்கள் அவர்களைப் பார்த்தார்கள். அவள் சொம்பை முன்னால் நீட்டினாள்.

வெள்ளாத்தாள் கூட்டத்திலிருந்து வெளியே வந்தாள். கணவரைத் தாண்டி நடந்து மேடைக்கு வந்து, நாச்சாயிக்கு முன்னால் குனிந்து, இரண்டு கைகளையும் குவித்து வாய்க்கு நேராகப் பிடித்தாள். நாச்சாயி ஊற்ற ஊற்றக் குடித்தாள். கடைசிக் கைத் தண்ணீர் வந்ததும் வாயை மூடிக்கொண்டு நிமிர்ந்து, விரல்களை இறுக்கி ஒரு சொட்டும் சிந்தாமல் கொண்டுபோய், கிணற்றுக்குள் விட்டாள்.